சம்பந்தி தொடாத காப்பி

வியாழக்கிழமை

அன்பு மகன் லிரிடோனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேலைக்குப் பங்கம் வராமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தினமும் காலையில் எழுந்திருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், அவ்வளவுதான். உங்கள் விண்டர்தூருக்கு வருகிற பஸ்ஸில் அய்வார் துவையல் பாட்டில்கள் அனுப்பியிருக்கிறேன், இந்த வருஷம் சிவப்புக் குடமிளகாய் நல்ல சதைப்பிடிப்பு, சுட்டுத் தோலுரித்தே என் விரலெல்லாம் கறுத்துவிட்டது, ஒரு பாட்டிலை உன் மாமியாருக்குக் கொடு, எல்லாவற்றையும் நீயே தின்று தீர்த்துவிடாதே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

அப்பா மேயர் தேர்தலுக்கு அலைந்து அலைந்து பாதியாகிவிட்டார். சுவிஸ்ஸில் அத்தனை வருஷம் சுவர் பூசி, சொந்தக் கம்பெனி வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்த மனுஷன், எல்லாவற்றையும் விற்றுவிட்டு கொசோவோவில் ஜன்னல் தொழிற்சாலை கட்டுகிறேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார். நகராட்சியில் கையெழுத்துக்கு முன்னால் கவர் கேட்டார்கள், இவர் கொடுக்கமாட்டேன் என்றார், ஜன்னல் வரவில்லை, அதற்குப் பதிலாக ஊர்வலம் வந்தது, மைக் வந்தது, இப்போது மதிலெல்லாம் இவர் முகம். அந்தப் போட்டோவில் டை கோணல், சொன்னேன், கேட்கவில்லை. காப்பிக்கடையில் 'வெளிநாட்டு மாப்பிள்ளை வந்துட்டாருடா, நமக்குக் கை கழுவக் கத்துக்குடுக்க' என்று சிரிக்கிறார்கள், அதே ஆட்கள் பொழுது சாய்ந்ததும் பின்பக்கமாக வந்து 'ஹய்ரிஸ் அண்ணே, விட்றாதீங்க' என்கிறார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். எங்கே போவது, அங்கே தங்குவதற்கான அனுமதியைத்தான் வரும்போதே ஒப்படைத்துவிட்டு வந்தோமே.

வினை பள்ளிக்கூடக் கூரையில் வந்தது. அக்காவின் மாமனார் ருஸ்தெம் போன வருஷம் நகராட்சியிடம் அந்த வேலையை எடுத்துச் செய்தாரே, முதல் மழைக்கே ஒழுக ஆரம்பித்துவிட்டது. அப்பா ஏறிப் பார்த்துவிட்டு, உளுத்துப்போன மரத்தின் மேலேயே தகட்டை அடித்துவிட்டு முழு வேலைக்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள், மேயருக்கும் இதில் பங்கு உண்டு என்றார். சம்பந்தியாயிற்றே என்று நான் இழுத்தேன். யாராயிருந்தாலும் தேர்தலுக்கு முன்னால் அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுக்கப் போகிறேன் என்றார். அதற்கு நான் அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை அக்கா மகன் எர்ப்ளினைக் கூட்டிவர அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளை வகுப்புக்குள்ளே மழைக்கோட்டின் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். பக்கத்து பெஞ்ச் காலி, அதன்மேல் கூரையிலிருந்து விழுந்த பூச்சு, உள்ளங்கை கனத்துக்கு. 'நேத்து வரைக்கும் நான்தான் அங்க உக்காந்திருந்தேன்' என்கிறான், ஏதோ பரிசு வாங்கினவன் மாதிரி.

ஞாயிறு மத்தியானம் சம்பந்தி வந்தார். கூடவே ஊர்ப் பெரியவர்கள், அவர்களுக்கு முன்னால் நடந்து வந்தது யார் தெரியுமா, உன் நஸ்மி மாமா, என் கூடப்பிறந்த அண்ணன். அவனை முன்னால் விட்டால் நாங்கள் கதவைச் சாத்த முடியாதல்லவா. ஆண்கள் கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன், யாரும் கோப்பையைத் தொடவில்லை. ஏதோ கேட்டு வாங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அக்கா மிமோசாவைப் பெண் கேட்டு வந்தபோதும் இதே ருஸ்தெம் இப்படித்தான் காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அப்பா சரி என்றதும் ஒரே மடக்கில் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார். கேட்டதைக் கொடுத்தால் குடிப்பார்கள், குடித்துவிட்டால் அந்த வாக்கு வாக்குத்தான், செத்தாலும் மாற்ற முடியாது. அண்ணன்தான் ஆரம்பித்தான். 'மாப்ளே, புகார் கிகார்னு போகமாட்டேன்னு ஒரு வாக்குக் குடுங்க, போதும். தேர்தல்ல நில்லுங்க, ஜெயிங்க, சம்பந்தி வீட்டு ஓட்டு பூரா உங்களுக்குத்தான். காப்பி ஆறுது பாருங்க' என்றான். சம்பந்தி சிரித்துக்கொண்டே, 'ரெண்டு சொட்டுத் தண்ணி சம்பந்தி, பசங்க என்ன சர்க்கரையா, கரைஞ்சு போக?' என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, 'மிமோசா எங்க வீட்டுல மகாராணி மாதிரி இருக்கா, அப்படியே இருக்கட்டுமே' என்றார். இவ்வளவு இனிப்பான மிரட்டலை நான் கேட்டதில்லை. மேடையில் அத்தனை பேசுகிற உன் அப்பா தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தார், உதடு அசைந்தது, குடிங்க என்று சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எத்தனை வருஷமாக அந்த முகத்தோடு குடித்தனம் பண்ணுகிறேன். நான் தட்டோடு கூடத்துக்குள்ளே போய் ஒவ்வொரு கோப்பையாக எடுத்து வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். நியாயம், ஊர் என்றெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று நினைக்காதே. அந்தப் பிள்ளையின் தொப்பிதான் கண்ணுக்குள் நின்றது.

விருந்தாளி முன்னாலிருந்து நிறைந்த கோப்பையை எடுப்பது வெளியே போ என்று சொல்வதுதான், உனக்கே தெரியும். சம்பந்தி எழுந்து நின்று, 'இது யார் பண்ணின வேலை?' என்றார். அப்பா ஒரு விநாடி என்னைப் பார்த்தார், 'நான்தான் எடுக்கச் சொல்லியிருந்தேன்' என்றார். ஊரும் அதைத்தான் நம்புகிறது, பொம்பளை தானாகச் செய்வாளா என்று. அன்றிலிருந்து மிமோசா வரவில்லை, பிள்ளையை அனுப்பவில்லை, போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளையைக் கடைவாசலில் பார்த்துக் கேட்டேன், 'உங்க வீட்டு அரசியல் முடியட்டும் அத்தே' என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை அப்பா புகாரைக் கொடுத்துவிட்டார். வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, 'மகளை வித்து ஓட்டு வாங்கறேன்னு அவ நெனப்பா' என்று அழுதார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டினாலாவது எனக்கு மூச்சு வரும். இந்த மதிலுக்குள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடுகிறோம். வெளியே போனால் பாதிப் பேர் கைகுலுக்குகிறார்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் இரண்டு பேருக்கும் அல்லா நல்ல ஆயுசையும், ஒரு குழந்தையையும் கொடுக்கட்டும். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், சாரத்தில் ஏறும்போது காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு ஏறாதே. முக்கியமானதை மறந்துவிடாதே, அக்கா வீட்டுக்கு நீ போன் பண்ண வேண்டும். சுவிஸ்ஸிலிருந்து தம்பி கூப்பிட்டால் அந்த வீட்டில் போனைக் கொடுக்காமல் இருக்கமாட்டார்கள், ஊருக்கு வெட்கப்படுவார்கள். முதலில் சம்பந்தியிடம் மரியாதையாக நலம் விசாரி, கூரையைப் பற்றி வாயைத் திறக்காதே. அக்கா வந்ததும், கோப்பையை எடுத்தது அம்மாதான், அப்பா இல்லை என்று மட்டும் சொல். பக்கத்தில் ஆள் இருந்தால் அவள் 'ம்' என்பாள், போதும். அவளுக்கு வெறுக்க யாராவது வேண்டுமென்றால் என்னை வெறுக்கட்டும், அப்பாவாவது அவளுக்கு மிஞ்சட்டும்.

உன் அம்மா,
ஜெவஹிரே