சேரனுக்கு வாங்கிய பவுடர் டின்

அன்புள்ள மகள் ரஞ்சனிக்கு, பெங்களூரில் சமையல் வேலையில் இருக்கும் உன் அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சேரனும் சுகம்தானே?

பட்டாளத்து ஆள் எடுப்புக்கு எடை மூணு கிலோ குறைகிறது, புரோட்டீன் பவுடர் வேண்டும் என்று என் பேரன் கேட்டானே, வாங்கிவிட்டேன். நம் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போகிற முதல் ஆள் அவன்தான். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த டின்னில் முட்டை கலந்திருந்தது.

"எங்க பையன் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்பு கட்டியிருக்கறான்பா, முட்டை ஆவாது" என்றேன்.

"அப்ப இது பால்ல செஞ்சது, எடுத்துக்கோங்க பாட்டி" என்று பச்சைப் பொட்டு போட்ட டின்னைக் கொடுத்தார்.

பேரன் குடிக்கும் முன் நான் குடித்துப் பார்க்க வேண்டாமா? ஒரு டம்ளர் குடித்தேன். வயிறு உப்பிக்கொண்டது. இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதே.

"இன்னா ஆயா, நீயும் பட்டாளத்துக்குப் போறியா?" என்று நான் சமைக்கிற வீட்டுக்கார அம்மா சிரித்தார்கள்.

அவனுக்கு முதலில் அரைக் கரண்டி போட்டுக் கொடு. குடிக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்திரு. தனியாகச் சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது.

நம்ம ஊர் சைபுதீன் லாரியோடு வாசலில் ஹாரன் அடிக்கிறான். டின்னை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பி வரும்போது வல்லத்து வேர்க்கடலை கொஞ்சம் அனுப்பு. உன்னுடைய பழைய ரவிக்கை இரண்டு இருந்தால் அதோடு வை. என்னுடையதெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

உன் அம்மா,
விருத்தாம்பாள்