ஒற்றை வரி செல்லாது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். "எல்லாரும் சௌக்கியம்" என்ற உன் ஒற்றை வரிக் கடிதம் கிடைத்தது.

எங்கள் சாஃப்ட்வேரில் எந்த ஃபைலைத் திருத்தினாலும் காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிவிடும். கம்பெனியின் பெயர் மாறியதால் ஆயிரக்கணக்கான ஃபைல்களைத் திருத்தினோம். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு அடம்பிடித்தது.

"காரணம் கேக்கற அந்தச் சோதனையையே தூக்கிடும்மா" என்றார் மேனேஜர்.

நானா விடுவேன்? பெயர் மட்டும் மாறியிருந்தால் மொத்தத்துக்கும் ஒரே வரி போதும், வேறெது மாறியிருந்தாலும் தனி வரி கேள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கூட்டத்தோடு கூட்டமாக நழுவப் பார்த்த ஒரு ஃபைல் சிக்கியது! பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பகுதியையே யாரோ கைதவறி அழித்திருந்தார்கள்.

"நல்லவேளை, என் பேச்சை நீ கேக்கல" என்று மேனேஜரே கைதட்டினார்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். அப்பாவின் முழங்காலுக்கு ஒரு வரி, போனில் நீ அடக்கிய இருமலுக்கு ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன் மகள்