கரண்ட் கம்பம் வராத தெருவில் ஒரு குளிர்பெட்டி

கள்ளிக்குப்பம்
9.1.1995

அன்பு மகள் பிலோமினாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நான் திடமாக இருக்கிறேன், நீயும் புனே குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். வீட்டுச் சொந்தக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம், பிரசவ அறையைப் பூட்டிவிட்டு வந்துவிடு என்று எழுதியிருந்தாய். வரமாட்டேன்.

போன வியாழக்கிழமை வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் சுகாதார அதிகாரியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னைக் காலி செய்யவைத்து இடத்தை விற்க வேண்டும், அதுதான் அவருக்கு. "கரண்டே இல்லாத ஊடு சார், இந்தம்மா கெட்டுப்போன தடுப்பூசிய புள்ளைங்களுக்குக் குத்திகினு கீது" என்றார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அதிகாரியை உள்ளே அழைத்து எல்லாம் காட்டினேன். மாடியில் சோலார் தகடு, கீழே இரண்டு லாரி பேட்டரி, நீ வரைந்து அனுப்பியபடி மெக்கானிக் கன்னியப்பன் பற்றவைத்த செம்புக் குழாய். தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டிக்குள்ளிருந்து இழுக்கிற சூட்டை வீணாக்காமல் தண்ணீர் டிரம்மில் சேர்க்கிறது, ஒரே மோட்டார்தான் இரண்டு வேலையும் செய்கிறது என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. பெட்டியில் தெர்மாமீட்டர் வைத்தார், ஐந்து டிகிரி, தடுப்பூசிக்குச் சரியான குளிர். டிரம்மில் கையை விட்டவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நாகவல்லிக்கு எட்டாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை அந்த வெந்நீரை ஊற்றிய பைகளுக்கு நடுவில்தான் படுத்திருந்தது. நாகவல்லி படுத்தபடியே, "ஐயா, அந்த மிசின நிறுத்தினா எம் புள்ள இன்னா ஆவும்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள். அதிகாரி பேனாவை எடுத்தார். மருந்து சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் விடுவாரா, சனிக்கிழமை காலையில் வந்து, "எம் மாடி மேல இருந்து அந்தத் தகட்ட எறக்கு" என்றார். இறக்கினேன். எதிர்வீட்டில் நாகவல்லியின் மாமியார் தன் மொட்டை மாடியைக் காட்டினாள், மத்தியானத்துக்குள் கன்னியப்பன் தெருவுக்குக் குறுக்கே ஒயர் இழுத்துவிட்டான். அதுவரை பேட்டரியில் ஓடியதால் பெட்டி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. நோட்டீஸ் விடட்டும், கோர்ட்டுக்கு நடக்க எனக்குக் கால் இருக்கிறது.

குழந்தை நேற்றிலிருந்து தானாகவே இழுத்துப் பால் குடிக்கிறது. பேட்டரித் தண்ணீரை எத்தனை நாளுக்கொருமுறை பார்க்க வேண்டும் என்று மறக்காமல் எழுது. ஈஸ்டருக்கு லீவு போட்டு வா, வேலப்பன்சாவடி நர்ஸ் ஒருத்தி தனக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று இரண்டு தடவை வந்து போய்விட்டாள். ஆண்டவர் உன் கை வேலையை ஆசீர்வதிக்கட்டும்.

இப்படிக்கு, உன் அம்மா
ஞானகுமாரி