கொம்பு வைத்த கை

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான் வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸுகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஷிப்ட் மாறுகிற நேரம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அக்கா அப்படியேதான் கிடக்கிறாள். வலது பக்கம் அசைவில்லை. மூளையில் ரத்தம் அடைத்து விழுந்த அன்றிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. நான் பேச்சு கற்ற நாள் முதல் என்னை மட்டம் தட்டியே பழகிய வாய் அது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன், குறுக்கே விழ ஆளில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவன்தானே? என்னவோ கைப்பிடி இல்லாத மாடிப்படியில் இறங்குகிற மாதிரி இருந்தது.

மார்ச் 5, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் வருகிறாள். "வீட்ல பழைய போட்டோ, ஞாபகமா வச்சிருக்கிற சாமான் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க சார். பார்த்தா பேச்சு வரலாம்" என்றாள். சார் என்றாள். அக்கா மகள் கவனித்தாளா தெரியவில்லை.

பெரிய டாக்டர் அப்படி இல்லை. பதின்மூன்றாம் தேதி வந்து சோதிப்பாராம். கேட்பது புரிந்து பதில் சொன்னால் வீட்டுக்கு அனுப்புவாராம். இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே ஏதோ பராமரிப்பு இல்லம்.

"பகல்ல வீட்ல யார் இருப்பாங்க? இவங்க மக வேலைக்குப் போறவங்க" என்றார்.

"நான் இருக்கேனே" என்றேன்.

டாக்டர் அக்கா மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

எட்டு மாடிக் கட்டடத்தில் ஆயுசு பூராவும் லிப்ட் ஓட்டியவன் நான். நான் உயர்த்திவிடாத பெரிய மனுஷன் உண்டா? ஒருத்தரையாவது கீழே போட்டிருக்கிறேனா? அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

பரணிலிருந்து அக்காவின் பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். உள்ளே ஒரு விசில், என் சீருடையின் பித்தளைப் பொத்தான், காகிதத்தில் மடித்த என் பல். மற்றதெல்லாம் போட்டோ.

எந்தப் போட்டோவை எடுத்தாலும் என் தலைக்குப் பின்னால் இரண்டு விரல். பள்ளிக்கூட வாசலில் நிற்கிறேன், கொம்பு. முதல் நாள் சீருடையில் விறைப்பாக நிற்கிறேன், கொம்பு. அவள் கல்யாணத்தில் கழுத்து நிறைய மாலையோடு, மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே எனக்குக் கொம்பு. மாப்பிள்ளை திகைத்துப்போய் பார்க்கிறார், பாவம்.

அப்புறம் விமானப் போட்டோ. ஸ்டூடியோவில் அட்டையில் வரைந்த விமானம், தலை நுழைக்க இரண்டு ஓட்டை. நான்தான் ஓட்டினேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். முன் ஓட்டையில் அவள் இருக்கிறாள், பின் ஓட்டையில் நான். அழுகிற மாதிரி தெரியும். அது காற்றின் வேகம்.

கொம்பு எல்லாமே வலது கை.

மார்ச் 7, சனி

ஆஸ்பத்திரி வாசலிலேயே அக்கா மகள் நிறுத்தினாள். "மாமா, உண்மைய மட்டும் சொல்லுங்க. உங்க புளுகு மூட்டைய அவிழ்த்தீங்கன்னா அம்மா இன்னும் கொழம்பிடுவாங்க."

"நான் எப்பம்மா புளுகினேன்?"

"இதோ, இப்ப."

சரி, உண்மையே சொன்னேன். "அக்கா, இது விசில். கடையில வாங்கினது. இது பல்லு. நீ கதவைச் சாத்தினப்போ இடிச்சு விழுந்துச்சு." இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோனது. உண்மை இவ்வளவு சின்னதா? அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

ஒன்றுமில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இதில் ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை.

அக்கா மகள் டீ வாங்கப் போயிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பல்லை எடுத்து அக்கா கண் முன்னால் நீட்டினேன். "இது எப்படிப் போச்சு தெரியுமா? ஒரு பயில்வான். ஆளு பீரோ மாதிரி. என்னை ஒரு குத்து குத்தினான். நான் திருப்பி விட்டேன் பாரு, ரெண்டு தெரு தள்ளிப் போய் விழுந்தான்!" என்று அளந்துகொண்டே போனேன். பயில்வான் எழுந்து, மறுபடி குத்து வாங்கி, மூன்றாவது தெருவில் விழுந்தபோது—

"ப்ச்."

அக்காதான். என் கதை எதுவானாலும் பாதியில் வந்து விழுமே, அதே ப்ச்!

டீயோடு வந்தவளிடம் ஓடினேன். ஒரு நொடி அவள் முகம் எப்படி மலர்ந்தது. அப்புறம் சொன்னது யார் என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

"மாமா... இதுலயுமா?"

பயிற்சிப் பெண்ணும் வந்து காதைக் கொடுத்து நின்றாள். அக்கா கல் மாதிரி கிடந்தாள். கொழுப்பைப் பாரேன்! அட, கலப்படமே இல்லாம ஒரு சேதி சொல்றேன், அதை நம்ப நாதியில்லையா?

பாத்ரூமில் முகம் கழுவினேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது.

மார்ச் 12, வியாழன்

இப்போது திருட்டுத்தனமாகப் புளுகுகிறேன். யாராவது நகர்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன். இன்று "போடா" என்றாள். "போ" தெளிவாகக் கேட்டது. "டா" நான் சேர்த்ததாகவும் இருக்கலாம்.

நாளை டாக்டர் வருகிறார்.

மார்ச் 13, வெள்ளி

டாக்டர் பெயரைக் கேட்டார். பதில் இல்லை. மகளைக் காட்டி இது யார் என்றார். கண் கலங்கியது, உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் என்னவோ எழுதிக்கொண்டார். அக்கா மகள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

விமானப் போட்டோவைக் காட்டி, இது எப்போது எடுத்தது என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான் ஓட்டின விமானம் டாக்டர்! இவ பின்னாடி உக்காந்து அழுதா!"

"மாமா!"

"நா...ன்" என்றாள் அக்கா.

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார்.

"நீங்களா ஓட்டினீங்க? எந்த இடத்துலம்மா?"

"ஆகா...யம்."

"அப்புறம்?"

"விழுந்...துச்சு."

டாக்டரின் பேனா நின்றது. குரலைத் தாழ்த்தி, "பேச்சு வருது. ஆனா எது நெஜம், எது கற்பனைன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியல. இவங்கள வீட்ல வச்சிக்கிறது ஆபத்தும்மா" என்றார். அக்கா மகள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"வெளையாடுறா டாக்டர். அவளுக்கு எல்லாம் தெரியுது. சத்தியமா வெளையாடுறா!"

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா, உங்க கால்ல விழறேன்."

என் சத்தியத்துக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு? அக்காவிடமே குனிந்தேன். "ஏன்க்கா, விமானம் விழுந்துச்சே. யாரு செத்தா?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீ."

உதட்டின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறியது. மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொன்றும் சொன்னாள்:

"நிம்ம...தி."

பயிற்சிப் பெண்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் டாக்டர். அக்கா மகள் அழுகையை நிறுத்தாமலே சிரித்தாள், மூக்கெல்லாம் ஒழுக. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, எழுந்து என் கையைக் குலுக்கினார். கீழே விழுந்த பேனாவை எடுக்கத்தான் எழுந்தார். ஆனால் என் கைப் பக்கமாகத்தான் எழுந்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா வீட்டுக்கு வந்து நாளாயிற்று. பகலெல்லாம் நான்தான். இன்று பயிற்சிப் பெண் வந்தபோது வாசலில் வைத்து செல்போனில் ஒரு படம் எடுத்தாள். அக்கா சக்கர நாற்காலியில், நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். அக்காவின் இடது கை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது, என் இடுப்பு வரைக்கும். அதற்கு மேல் எட்டவில்லை.

படத்தில் என் தலைக்குப் பின்னால் இரண்டு விரலும் நன்றாகத் தெரிகின்றன. ஒன்று கொஞ்சம் மடங்கியிருக்கிறது, ஆனாலும் கொம்பு கொம்புதான்.

"ஏன் மாமா இவ்வளவு குனிஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அக்கா மகள்.

செருப்பு வார் கழன்றுவிட்டது என்றேன்.

நான் வெறுங்காலோடுதான் நின்றிருந்தேன். படத்தில் அது தெரிகிறது. அவளும் பார்த்தாள்.

"சரி மாமா" என்றாள்.