ஆடிக்கு முன் காய்ச்சிய பால்

7.7, திங்கள்

காலையிலேயே வெயில். தூரத்துச் செம்பனை தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். விடியுமுன் கிளம்பி, மலாக்கா டவுனில் புதுக்கடைக்குப் பால் காய்ச்சியாயிற்று.

புதுக்கடை என்று எழுதுவதே தப்பு. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவேனா என்பதும் தெரியவில்லை. காமாட்சியின் தம்பி, டவுனில் இருக்கும் பாபு, பார்த்து வைத்த இடம். டவுனுக்கு வந்துவிடுங்கள் என்று அக்காளும் தம்பியுமாக ஒரு வருடமாக அரைக்கிறார்கள். நேற்று புதுப் பாட்டு.

"மாமா, ஆடி பொறந்துட்டா ஒண்ணும் தொடங்க முடியாது. நாளைக்கு நாள் நல்லாருக்கு. பால மட்டும் காச்சி வச்சிருவோம். கையெழுத்து ஆவணியில பாத்துக்கலாம்."

சரி என்று தொலைத்தேன். குத்தூசி போட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் ஒரு மூட்டை அரிசி வாங்காதவன் நான். இதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

சாவி கொண்டு வந்த சீனப் பெண் வாசலிலேயே நின்றாள். அடுப்பு, புதுப்பானை, சாமி படம் எல்லாவற்றையும் பார்த்து அவளுக்குப் பயம். தீ அலாரம் அடிக்குமா என்று மலாயில் இரண்டு தடவை கேட்டாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. கா. முகத்தில் ஒரு சிரிப்பு. எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

நியாலாஸ் சிம்பாங் முச்சந்தியில் இருக்கும் என் கடைக்கு நான் திரும்புவதற்குள் செம்பனைத் தோட்டம் முழுக்கச் செய்தி. பாபு பால் பொங்குவதைப் படம் பிடித்து வாட்சப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். "எங்கள் புதிய தொடக்கம்." எங்களாம். அவன் கொண்டு வந்தது தீப்பெட்டி.

வெங்காயம் அழுகுகிறது. நாளை அழுகலைப் பொறுக்கிப் போட வேண்டும்.

8.7, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

வருகிற ஆள் எல்லாம் சாமான் வாங்க வரவில்லை. விடை கொடுக்க வருகிறான்.

"எப்ப அண்ணே கெளம்புறீங்க?"

"போறப்ப அந்தப் பெரிய ஐஸ்பெட்டிய எனக்குத் தந்துருங்க லா. வேற யாருக்கும் சொல்லிறாதீங்க."

"பணம் சேந்தா நேரா ஊருக்கே போயிருவீங்கன்னு நெனச்சோம். பரவால்ல, டவுனோட நின்னுட்டீங்க."

ஊர் என்றால் இவர்களுக்கு இந்தியா. தேவகோட்டையிலிருந்து சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவ வந்தவன் நான். பிறகு மோட்டாரில் கருவாடு, பிறகு வேனில் காய்கறி, பிறகு இந்தக் கடை. என் பாதி வயசு இந்த முச்சந்தியில் போயிருக்கிறது. கையில் சிவப்பு ஐசி. தங்கலாம், ஓட்டுப் போட முடியாது. அது சர்க்கார் சொல்வது, போகட்டும். இவர்கள் பேச்சிலும் நான் இன்னும் 'ஊர்க்காரர்'. "ஊர்க்காரர் கடையில வாங்கிட்டு வா." சேது என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்தியானம் என் கடை இடத்துக்காரர் வந்தார். கையில் அளவு நாடா. பின்னால் போன் ரிப்பேர் கடை போடப்போகிற ஒருவன். என் உளுந்து மூட்டைமேல் முட்டி போட்டுச் சுவரை அளக்கிறான்! என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு, "பால் காச்சிட்டீங்கன்னு சொன்னாங்களே அண்ணே."

கையெழுத்துப் போட்டிருந்தால்கூட இவர்கள் இவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

10.7, வியாழன்

டவுன். பாசார் போரோங் மொத்தச் சந்தையில் காய் எடுத்துவிட்டு அந்தக் கடைக்கு எதிரே கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். கா.விடம் சொல்லவில்லை. யார் நடக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், பார்க்க வேண்டும். பாபு சொல்வதையெல்லாம் வைத்துக் கடை போட்டால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

கெட்டது: வண்டி நிறுத்த இடமில்லை. சுற்றுலாக்காரன் கேமராவோடு போகிறான். அவன் புளி வாங்க மாட்டான். அதே வரிசையில் இன்னொரு மளிகை.

நல்லது: அந்த மளிகையில் கறிவேப்பிலை வாடிக் கிடக்கிறது. மாவு புளித்துவிட்டது, மூடியைத் திறக்காமலே தெரிகிறது. ஃபேக்டரி வேன்கள் இரண்டு நின்றன, நம் பக்கத்துப் பையன்கள் இறங்கினார்கள். தஞ்சாவூர், அறந்தாங்கிப் பேச்சு. பக்கத்தில் நர்சுப் பெண்கள் தங்கும் வீடு.

என் சிம்பாங்கில்? தமிழ்க் குடும்பங்கள் ஒன்றொன்றாகக் கழன்றுவிட்டன. இப்போது லயத்துக் குடியிருப்பில் இருப்பது பாதிக்கு மேல் வங்காளதேசத்துக்காரரும் இந்தோனேசியாக்காரரும். அவர்களும் என்னிடம்தான் வாங்குகிறார்கள், நல்ல மனிதர்கள்தான், ஆனால் மூன்று வருடத்தில் பெர்மிட் முடிந்தால் போய்விடுவார்கள். வியாபாரக் கணக்கில் டவுன்தான் சரி. அதை ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கோப்பி படுமோசம். கடைக்காரன் என்னை "போஸ்" என்றான், முதலாளியாம். டவுனில் எல்லாரும் போஸ்.

11.7, வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை. கரண்ட் போய் வந்தது.

லெட்சுமி வந்தாள். தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறவள், கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறாள்: "இந்த வருசம் மூணாம் நாளு ஒங்களுது இல்லையாமே அண்ணே. தலைவரோட அண்ணன் மவனுக்குக் குடுத்துட்டாங்க."

எனக்குக் காதில் விழுந்தது, உறைக்கவில்லை. திரும்பக் கேட்டேன். அதையே சொன்னாள்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் மூன்றாம் நாள் உபயம் என்னுடையது. அன்றைய அபிசேகம், பூ அலங்காரம், சாப்பாடு எல்லாம் என் செலவு, என் பொறுப்பு. கடை வைத்த இரண்டாம் வருடம் அந்த நாளை எடுக்க ஆளில்லை. என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை. கொரோனாவில் கோயில் பூட்டியிருந்தபோதுகூட வாசலில் நின்று தேங்காய் உடைத்தேன். இப்போது பிடுங்கியாயிற்று. காரணம் ஒரு பானை பால்.

பாபுவுக்குப் போன். எடுக்கவில்லை. புத்திசாலி.

13.7, ஞாயிறு

கோயில் கமிட்டிக் கூட்டம். நான் கமிட்டியில் இல்லை. போனேன்.

தலைவர் முனியாண்டி நாற்காலி போடச் சொன்னார். "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?"

"என் நாளைத் தூக்கிட்டு, பசியாறலான்னு வேற கேக்குறீங்களா?"

"தூக்குறதுன்னு ஏன் பேசுறீங்க. நீங்க டவுனுக்குப் போறீங்க. பாலு காச்சியாச்சு. இங்க இருக்கிறவங்களுக்குக் குடுக்கணும்ல."

"சரி. ஒங்க அண்ணன் மகன் எங்க இருக்கார்?"

தலைவர் வாயில் வெற்றிலையை மாற்றிப் போட்டார். அண்ணன் மகன் ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை. எனக்குத் தெரியும், அவன் கல்யாணத்துக்கு அரிசி போட்டவன் நான். அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டேன். முதல் நாள் உபயம்? மலாக்காவில் ஒரு தாமான் வீட்டில். இரண்டாம் நாள்? சிரம்பான். தேர் உபயம்? கிள்ளான். பொருளாளர்? பத்து பெரண்டாம் என்கிற ஊரில். தலைவரே ஆயர் குரோவில் இரட்டை மாடி வீடு, ரூமுக்கு ரூம் ஏர்கோன். திருவிழாவை ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற மாதிரி மாற்றினார்களே, எதற்கு? டவுனிலிருந்து எல்லாரும் கார் எடுத்துக்கொண்டு வர. தோட்டத்தைக் காலி செய்தவர்கள் எல்லாம் ஒன்றாகக் கூடி, நீ தோட்டத்தை விட்டுப் போகிறாய் என்று என்னை விசாரிக்கிறார்கள்!

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். "நீங்கள்லாம் போய் எத்தனை வருசம்? ஒங்க நாளெல்லாம் ஒங்ககிட்டதானே இருக்கு?"

அதற்கு முனியாண்டி, கோபமே இல்லாமல், பிள்ளைக்குச் சொல்வது போல: "நாங்க இங்க பொறந்தவங்க அண்ணே. எங்க போனாலும் இது எங்க கோயிலு. நீங்க அப்படி இல்லையே லா."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவன் மட்டும் போனைப் பார்த்தான்.

எழுந்து வந்துவிட்டேன். வேனில் உட்கார்ந்த பிறகுதான் பதில் பதிலாக வந்தது. அவன் போனாலும் இந்த ஊர்க்காரன். நான் இருந்தால் மட்டும்தான், அதுவும் கடை திறந்திருக்கும் வரைக்கும்தான். பெட்ரோல் போட மறந்தேன்.

14.7, திங்கள்

இரவு முழுக்கப் புரண்டது. காலையில் கா.விடம் சொல்லிவிட்டேன்: "டவுனும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்கேயே இருந்து இவங்களுக்குக் காட்டுறேன்."

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"அவங்களுக்குக் காட்டுறதுக்கு நான் எதுக்கு இங்க இருக்கணும்?"

"நீயும் ஆரம்பிக்காதே."

"நான் எப்பங்க ஆரம்பிச்சேன்? பொண்ணு பாத்தப்ப என்ன போட்டோ அனுப்புனீங்க? ரெட்டைக் கோபுரத்து முன்னாடி கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னீங்க. திருச்சியில பொறந்தவ, மெயின்கார்டு கேட்டுக் கூட்டத்துல வளந்தவ, பெரிய பட்டணத்துக்குப் போறேன்னு தெருவே வந்து வழியனுப்புச்சு. இங்க வந்து எறங்கினா செம்பனை. இந்தப் பக்கம் செம்பனை, அந்தப் பக்கம் செம்பனை. ஆறு மணிக்கு மேல தவளைதான் பேசுது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், கோபத்தில் இருப்பவன் சிரிக்கக்கூடாது.

"டவுன்லயும் நாம ஊர்க்காரங்கதான்டி."

"அங்க எல்லாரும் எங்கேருந்தோ வந்தவங்க. யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. இங்க நாம மட்டுந்தான் வந்தவங்க." பிறகு கொஞ்சம் மெதுவாக: "அந்தப் பாலக் காச்சச் சொன்னது பாபுன்னு நெனச்சீங்களா? நாள் பாத்தது நான். காய்ச்சிட்டா நீங்க பின்வாங்க மாட்டீங்கன்னு."

அதாவது ஒரு பானைப் பாலில் என்னைக் கட்டிவிட்டாள். மூட்டை மூட்டையாகப் பேரம் பேசுகிறவனை! மத்தியானம் வரைக்கும் நான் பேசவில்லை. தோசை நன்றாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

15.7, செவ்வாய்

தூறல். தேங்காய் வந்தது, சின்ன ரகம், திருப்பி அனுப்பினேன்.

லெட்சுமி மறுபடி. கூட்டத்தில் நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்காமலே சொன்னாள்.

"மூணாம் நாளு ஒங்க பேரு இல்லன்னா நாங்க காய் வெட்ட வரலன்னு சொல்லிட்டேன் அண்ணே."

"நாங்கன்னா யாரு?"

"லயத்துல மிச்சமிருக்கிற பொம்பளைங்கதான். பத்து நாளும் அண்டா கழுவுறது யாரு? கார்ல வர்றவங்களா? அவங்க வந்து செல்பி எடுத்துட்டு வட எங்கன்னு கேப்பாங்க."

எனக்காகவா என்று கேட்டேன். என்ன கேள்வி!

"ஒங்களுக்காகன்னு நெனச்சிக்காதீங்க. நீங்க நாள் செஞ்சா சாம்பாருக்குப் பருப்பு இருக்கும். அந்தப் பையன் டவுன்லேருந்து பொட்டணமா சோறு வாங்கிட்டு வருவான்." வெற்றிலையை முடிந்துகொண்டு படியில் நின்றாள். "கடைய எடுத்துட்டீங்கன்னா எனக்கும் கோவந்தான், சொல்லிட்டேன். கிராப் டாக்சியக் கூப்பிட்டா தோட்டத்துக்குள்ளயே வர மாட்டேங்குறான். நான் எங்கண்ணே போவேன்?"

இவள் ஒருத்திதான் நான் போவதால் தனக்கு என்ன நஷ்டம் என்று சொன்னவள். மற்றவர்கள் ஐஸ்பெட்டி கேட்டார்கள்.

16.7, புதன்

நாளை ஆடி ஒன்று. வெயில், காற்று.

கா. பின்கட்டில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது முனியாண்டி போன்.

"அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க. மூணாம் நாளு ஒங்களுதே. அந்தப் பையனுக்கு வேற நாளு பாத்துக்கிறோம்." லெட்சுமியின் பேரே எடுக்கவில்லை. "நோட்டீசு இப்ப அச்சுக்குப் போவுது. வழக்கம் போலவே போட்டுறட்டா?"

வழக்கம் போல என்றால்? எல்லா உபயக்காரர் பெயருக்கும் பக்கத்தில் அவரவர் இருக்கும் இடத்தைப் போடுவார்கள். சிரம்பான், கிள்ளான், மாசாய். என் பெயருக்குப் பக்கத்தில் வருடா வருடம் 'இந்தியா'. முதல் வருடம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு எந்த மடையனும் மாற்றவில்லை; கடை இருப்பது கோயிலிலிருந்து ஒரு மைல்.

"வழக்கம் போல வேணாம்."

"அப்ப நியாலாஸ்னு போட்டுறட்டா?"

பின்கட்டில் கத்திச் சத்தம் நின்றது.

"மலாக்கான்னு போடுங்க. சேது, காமாட்சி, ரெண்டு பேரும்."

"அப்ப போறதுதானாண்ணே? போய்ட்டு, நாள மட்டும் வச்சிக்கிறதா?"

"நீங்க எங்கண்ணே இருக்கீங்க?"

"...ஆயர் குரோ."

"ஒங்க பேருக்கு நேர் கீழ போடுங்க."

வைத்துவிட்டேன். கோபம்தான். இறங்கவில்லை, இறங்கவும் வேண்டாம். கத்திச் சத்தம் மறுபடி, முன்னைவிட வேகமாக.

ஆவணியில் கையெழுத்து. இடத்துக்காரரிடம் நான் சொல்லும் வரை அளவு நாடாவோடு வரக்கூடாது என்று சொல்ல. பழைய வேனுக்குப் பிரேக் பார்க்க: செவ்வாய், வெள்ளி அதில் சாமான் லயத்துக்குள்ளேயே வரும் என்று லெட்சுமியிடம் சொல்ல. மூன்றாம் நாளுக்குத் துவரம்பருப்பு இரண்டு மூட்டை. ஐஸ்பெட்டி யாருக்கும் இல்லை.