ஹோஸைப் பிடித்திருந்த கை

கூட்டாளி,

இன்று காலை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் புது பிரேக் ஹோஸ் இரண்டு வாங்கினேன். கடைக்காரர் உறையைப் பிரித்ததும் ரப்பர் வாசனை வந்தது. கூடவே நீரும் வந்து நின்றீர், முழங்கைவரை கிரீஸோடு. நீர் போய் எட்டு மாதம் ஆகிறது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்குள் முடிந்துவிட்டது. அன்று எனக்கு அழுகையைவிட உம்மேல் கோபம்தான் அதிகம் வந்தது.

ஜீப் பாதி உமக்கு, பாதி எனக்கு. மணிமுத்தாற்றிலிருந்து மலைமேல் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தோம். தினமும் மலையேறும் முன் நீர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பீர். நான் அடியில் படுத்து, பிரேக் ஆயில் ஓடும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பேன். மிதிக்கும்போது ரப்பர் கைக்குள் புடைத்தால் உள்ளே இற்றுவிட்டது என்று அர்த்தம். ஈரம் பட்டாலும் வண்டியை எடுக்கக் கூடாது. "ஓய், அங்கன தூங்குதீரா?" என்று மேலேயிருந்து கேட்பீர். என் தொப்பையைக் கேலி செய்யாமல் ஒருநாளும் விட்டதில்லை.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்ததோடு நான் நிற்கவில்லை. கறுப்பாக இருப்பதெல்லாம் மின்ன வேண்டும் என்று ஹோஸ்களிலும் பழைய என்ஜின் ஆயிலைத் தடவிவிட்டேன். அந்த ஆயில் ரப்பரைத் தின்னும் என்று எனக்குத் தெரியாதா என்ன? பூஜை மும்முரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள், எஸ்டேட்டைக் காலி செய்து இறங்கும் குடும்பம் ஒன்று மேலே நமக்காகக் காத்திருந்தது. நீர் மிதித்தீர். முன்பக்க இடது ஹோஸ் என் உள்ளங்கையில் லேசாகப் புடைத்தது. மாற்று ஹோஸுக்குத் திருநெல்வேலிதான் போக வேண்டும். அவர்களோ சாமான்களை வாசலில் அடுக்கிவிட்டார்கள். "சரியா இருக்கு வே" என்றேன்.

இறங்கும்போது மூன்றாவது வளைவில் ஹோஸ் பிய்ந்தது. உம் காலடியில் பிரேக் தரைவரை போய்விட்டது. அந்தப் பழைய ஜீப்பில் ஒரு ஹோஸ் போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. பின்னால் ஐந்து பேர், அதில் ஒன்று கைக்குழந்தை. நீர் கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்சுவரில் உரசி நிறுத்தினீர். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

எல்லாரும் இறங்கிய பிறகு, பிய்ந்த ஹோஸைத் தொட்டுப் பார்த்தீர்.

"காலையில தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றேன். அழுதுவிட்டேன். நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புது ஹோஸ் மாட்டிய அன்று, இனிமேல் நீர்தான் அடியில் போவீர் என்று நான் ஒதுங்கி நின்றேன். நீர் பாட்டுக்குச் சீட்டில் ஏறிவிட்டீர். "நீரே கீழ படும் வே. ஒருக்கா பொய் சொன்ன ஆளு இனி சொல்ல மாட்டான்" என்றீர். அதன்பின் கடைசிவரை, நான் சரி என்றதும் மறுபேச்சில்லாமல் சாவியைத் திருப்பினீர். அப்படி ஒரு நம்பிக்கையை என் கூடப்பிறந்தவர்கள்கூட என்மேல் வைத்ததில்லை.

இப்போது உமக்குப் பதில் உம் பெண்சாதி, மதினிதான் வந்து பிரேக்கை மிதிக்கிறார். நேற்று மலைக்குப் போக ஆறு பேர் நின்றார்கள். பின்பக்க ஹோஸில் என் விரலுக்கு ஈரம் பட்டது.

"என்ன கொழுந்தனாரே, போவலாமா?" என்றார் மதினி.

"இன்னைக்கு வண்டி போவாது மதினி" என்றேன், படுத்தபடியே.

ஆறு பேரும் ஏசிவிட்டுப் போனார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. அன்று உம்மிடம் சொல்லியிருக்க வேண்டியது அதுதானே, கூட்டாளி.