தாண்டவராயருக்கு ஒதுக்கிய நேரம்

பெங்களூர் கன்டோன்மென்ட்டின் முடிசூடா மகாராணியே, என் அருமை ராஜம்மா அக்கா,

அங்கே பிஸ்கட் கிடைக்கிறதா? இங்கே உன் பிஸ்கட் கம்பெனியில் அடுப்பு மூட்டியதும் காலைப் பனிகூட வெண்ணெய் மணக்கிறது. நேற்று இரண்டு மேகங்கள் அந்த வாசனைக்கு மயங்கி அல்சூர் ஏரிக்கரையில் இறங்கி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நீ நம்ப மாட்டாய். எப்போது நம்பியிருக்கிறாய்?

உன் மகள் பத்மா இப்போது உன் நாற்காலியில் இருக்கிறாள், மேனேஜரின் உதவியாளராக. வேலை நிரந்தரமாகுமா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று இந்த மாதம்தான் தெரியவேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மேனேஜர் அறை வாசலில் உன் கரும்பலகை நினைவிருக்கிறதா? அன்றைக்கு முடித்தே தீரவேண்டிய வேலையை உச்சியில் எழுதுவாய். கீழே யார் யார் எப்போது பார்க்க வருகிறார்கள் என்று. நடுவில், பதினோரு மணிக்கு, தினமும் ஒரே பெயர்: ராவ் பகதூர் தாண்டவராயர். அந்த மகானைப் பெற்றெடுத்தது நீ, பட்டம் சூட்டியது நான். பிறக்காமலேயே இத்தனை மரியாதை வாங்கிய மனிதர் மைசூர் ராஜ்யத்தில் வேறு யார்?

பத்மா முதல் நாளே அவரை அழித்துவிட்டாள். பியூன் முனியப்பா அவரைப் பார்த்ததே இல்லையாம்.

"வராத மனுஷருக்கு எதுக்கு மாமா தினம் ஒரு மணி நேரம்?" என்றாள்.

"அவர் வராததாலதான்டி உங்கம்மா ஆபீஸ் நடந்துச்சு" என்றேன். கேட்டால்தானே? பலகையில் எறும்பு நுழைய இடமில்லாமல் ஆட்களை நிரப்பினாள்.

அந்த வாரம் மெட்ராஸிலிருந்து முதலாளி வந்தார். பத்மா காரை சிட்டி ஸ்டேஷனுக்கு அனுப்பினாள். அவரோ மெட்ராஸ் ரயிலில் வரும் எல்லாரையும் போல ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே கன்டோன்மென்ட்டில் இறங்கி, காத்துக் காத்து, ஜட்கா வண்டி பிடித்து வந்து சேர்ந்தார். அவருக்கு வைத்திருந்த நேரம் போய்விட்டது. உள்ளே சர்க்கரை வியாபாரி. அவருக்குப் பின்னால் அட்டைப்பெட்டிக்காரர், அவருக்குப் பின்னால் பேங்க் ஆள். முதலாளி முனியப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என் கம்பெனியில எனக்கு நேரமில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.

பத்மா வீட்டுக்கு வந்து அழுததில் அல்சூர் ஏரி கரை புரண்டது. "வேலை போச்சு மாமா" என்றாள். சாக்பீஸ் ஒன்றை அவள் கையில் வைத்தேன்.

மறுநாள் மேனேஜர் பலகையைப் பார்த்தார்.

"தாண்டவராயர் திரும்பி வந்துட்டாரா? அப்பாடா!"

அக்கா, அது வெறும் பெயர்தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது! நீ போய்ச் சேர்ந்த பிறகு மூச்சு விட நேரமில்லாமல் தவித்தவர் அவர்தான் போலிருக்கிறது.

பதினோரு மணிக்கு முதலாளி திடுதிப்பென்று வந்து நின்றார். பத்மா எழுந்து கதவைத் திறந்தாள்.

"உள்ள போங்க சார். தாண்டவராயர் இன்னிக்கு வரலை."

முதலாளியும் மேனேஜரும் ஆற அமரப் பேசினார்கள். வெளியே வந்த முதலாளி, "பெரிய மனுஷர், எனக்காக விட்டுக்கொடுத்திருக்கார்" என்று தாண்டவராயருக்கு ஒரு டின் கிரீம் பிஸ்கட் அனுப்பச் சொன்னார். அன்னார் சார்பில் அதைத் தின்று தீர்க்கும் பெரும்பொறுப்பை நான் ஏற்றேன். சனிக்கிழமை பத்மாவுக்கு வேலை நிரந்தரமானது.

இப்போதெல்லாம் சில நாள் பதினோரு மணிக்கு யாருமே வருவதில்லை. டைப்ரைட்டர் ஓய்ந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஊதாப் பூக்கள் அவசரமில்லாமல் உதிரும். "அந்த நேரத்துல எதிர் நாற்காலியில அம்மா இருக்கற மாதிரி இருக்கு மாமா" என்கிறாள். வந்து போகிறாயா, அக்கா? எனக்குச் சொல்லாமலா?

உடைந்த பிஸ்கட் தின்ன நான் பாதி நாள் அந்த நேரத்துக்குத்தானே அங்கே படையெடுப்பேன். இனி மாட்டேன். சூரியன் அல்சூரில் உதித்து அல்சூரிலேயே மறைந்தாலும் சரி, பதினோரு மணிக்கு அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன், வேறு யாரையும் உட்கார விடவும் மாட்டேன். தாண்டவராயர் எப்படியும் வரப்போவதில்லை. நீ வா.

பன்னிரண்டு மணிக்கு மேல் பிஸ்கட் தின்னப்போகும்,
உன் ஒரே தம்பி, பத்மாவின் தாய்மாமன்